பழைய மசில் கார் வாங்கப் போகிறேன், கையெழுத்துப் போடலாமா?

டெக்சாஸில் டாலஸ் பக்கம் வசிக்கும் ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 46. சாஃப்ட்வேர் வேலை. கோயம்புத்தூரில் காலேஜ் படித்த காலத்திலிருந்தே அமெரிக்க மசில் கார் (பெரிய எஞ்சின் போட்ட அந்தக் கால வேக வண்டி) மீது ஆசை. ஓஹையோ மாநிலத்தில் ஒருவர் 1970ஆம் வருட செவர்லே ஷெவெல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) ஒன்றை 72,000 டாலருக்கு விற்கிறார். 'ஃப்ரேம்-ஆஃப் ரெஸ்டொரேஷன், நம்பர்ஸ் மேட்சிங், துளிகூடத் துரு கிடையாது' என்கிறது விளம்பரம். அதாவது, உடலை ஃப்ரேமிலிருந்து தூக்கிப் புதுப்பித்தது, எஞ்சின் முதலியவை வண்டியோடு பிறந்தவை என்று அர்த்தம். வண்டிக்குள் இப்போது இருப்பது புது எல்எஸ்3 எஞ்சின் (நவீன வி8), ஆறு கியர் மேனுவல், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஏசி. பழைய எஞ்சின் ஒரு ஸ்டாண்டில் தனியாக இருக்கிறது. அதையும் சேர்த்துத் தருகிறாராம். செலவுக்கான பில்கள் மட்டும் 1,15,000 டாலருக்கு இருக்கின்றன. டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) விற்பவர் பெயரில் இல்லை. அவருக்கு முந்தைய சொந்தக்காரர் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அப்படியே இருக்கிறது. 'ஆஸ் இஸ்' (இருக்கிறபடியே வாங்குவது, பிறகு குறை சொல்லக்கூடாது) என்று ஒரு பக்க விற்பனைப் பத்திரம் அனுப்பியிருக்கிறார். இந்த வார இறுதிக்குள் 5,000 டாலர் முன்பணம் வராவிட்டால் வேறொருவர் ரெடியாக இருக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறார்.

வாசகரின் கணக்கு இது: பிடிக்காவிட்டால் மூன்று நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம், வண்டி விலை ஏறத்தான் செய்யும், அடுத்த வருடம் 16 வயதாகும் மகனுக்கும் ஓட்டக் கொடுக்கலாம், ஓய்வு பெற்ற பிறகு கோவைக்குக் கொண்டுபோகலாம். மனைவிக்குச் சம்மதம் இல்லை. "சட்டப்படி எனக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

ஆசைப்பட்ட வண்டியை வாங்குவதில் தவறே இல்லை. உங்கள் வீட்டுக்காரம்மா என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை, இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரே வண்டியை நீங்கள் மூன்று வண்டியாகப் பார்க்கிறீர்கள்: ஆலையிலிருந்து வந்த அசல் எஸ்எஸ், ஜாலியாக ஓட்டக்கூடிய நவீன வண்டி, பணத்தைப் பெருக்கும் முதலீடு. 72,000 டாலருக்கு இதில் எது உங்கள் கைக்கு வருகிறது என்பதை விற்பவரின் காகிதங்கள்தான் சொல்ல வேண்டும். இப்போதைக்கு அவை எதையும் சொல்லவில்லை.

அது எஸ்எஸ்தானா?

'வி.ஐ.என். நம்பரை (ஆலை தரும் வண்டி எண்) பார்த்தேன், 13637 என்று ஆரம்பிக்கிறது, ஆகவே எஸ்எஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 1 என்றால் செவர்லே. 36 என்றால் வி8 எஞ்சின் வைத்த மாலிபு (ஷெவெலில் ஒரு ரகம்). 37 என்றால் இரண்டு கதவு ஸ்போர்ட் கூப். அடுத்து வரும் 0 தயாரிப்பு வருடமான 1970ஐக் குறிக்கும். அதற்கடுத்தது ஆலையின் எழுத்து: பால்டிமோர் என்றால் பி, கான்சஸ் சிட்டி என்றால் கே. அவ்வளவுதான். அந்த வருடம் எஸ்எஸ் என்பது மாலிபு மேல் வாங்குகிற ஒரு ஆப்ஷன் தொகுப்பு. இசட்25 என்றால் எஸ்எஸ் 396, இசட்15 என்றால் எஸ்எஸ் 454. பின்னால் வரும் எண் எஞ்சினின் கன அங்குல அளவு. சாதாரண 307 கன அங்குல வி8 போட்டுக் கடைக்குப் போய்வர வாங்கிய மாலிபுவுக்கும், 450 குதிரைத்திறன் எல்எஸ்6 எஞ்சினோடு வந்த எஸ்எஸ் 454க்கும் வி.ஐ.என். ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். 1966 முதல் 1968 வரை வந்த எஸ்எஸ் 396 வண்டிகளுக்கு 138 என்று தனி எண் இருந்தது. அதை எங்கோ படித்துவிட்டு 1970க்கும் பொருத்திப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மேடான பானெட், கறுப்பு கிரில், வட்ட மீட்டர் டேஷ்போர்டு, எஸ்எஸ் பேட்ஜ் எல்லாமே இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஒரு மாலிபுவை எஸ்எஸ் ஆக்குவது கஷ்டமான வேலையே இல்லை. அதைத் தவறு என்றும் சொல்ல முடியாது, 'க்ளோன்' என்று சொல்லி க்ளோன் விலைக்கு விற்கும்வரை.

ஃபோர்டு வண்டியாக இருந்திருந்தால் 1967 முதல் வந்தவற்றுக்கு ஆலைப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் கிடைக்கும். போன்டியாக் என்றால் பிஎச்எஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் ஆவணச் சேவை இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற ஷெவெலுக்கு அப்படிக் கேட்டு வாங்கக்கூடிய தனித்தனி ஆலைப் பதிவு கிடையாது. ஆகவே காகிதம் வண்டியோடு வந்திருந்தால்தான் உண்டு: ஆலையின் பில்டு ஷீட், அதாவது வண்டியில் என்னென்ன போட வேண்டும் என்ற தாள் (பெட்ரோல் டேங்க் மேலேயும் சீட் ஸ்பிரிங்குக்குள்ளேயும் இன்னும் அகப்படுகிறது), அந்தக் கால வாரண்டித் தகடு, ஜன்னலில் ஒட்டியிருந்த விலைச் சீட்டு, முதல் டீலரின் பில். இவற்றில் எது இருக்கிறது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். 'முந்தைய ஓனர் சொன்னார்' என்பது ஆவணம் ஆகாது. பில்டு ஷீட்டிலும் போலி உண்டு என்பதால் இந்த மாடலையே தொழிலாகப் பார்க்கும் ஒரு மதிப்பீட்டாளர் அதை நேரில் பார்க்க வேண்டும்.

'நம்பர்ஸ் மேட்சிங்' என்பதற்கு வருவோம். வண்டிக்குள் எல்எஸ்3 உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சொல்லுக்கே இடமில்லை. அதிகபட்சம், ஸ்டாண்டில் இருக்கும் எஞ்சின் இந்த வண்டியோடு பிறந்தது என்று அவர் சொல்ல வரலாம். அப்படியானால் அந்த எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம், வலதுபுற சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள மேடையில் வண்டி எண்ணின் கடைசிப் பகுதி குத்தப்பட்டிருக்க வேண்டும். பிளாக்கை வார்த்த தேதி, வண்டி தயாரான தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். மேடையைச் சீவிவிட்டுப் புதிதாக எண் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சீவிய கோடுகள் மாறியிருப்பது பழகிய கண்ணுக்குத் தெரியும், உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

(சும்மா ஒரு தகவல்: 1970இன் பெரும்பாலான 'எஸ்எஸ் 396' வண்டிகளுக்குள் இருந்தது 402 கன அங்குல எஞ்சின். பெயர் விற்றுக்கொண்டிருந்ததால் செவர்லே பேட்ஜை மாற்றவில்லை. பேட்ஜை நம்பாதே என்று ஆலையே காட்டிக் கொடுத்த மாதிரி.)

1,15,000 டாலர் பில் இருந்தால் 72,000க்கு வாங்குவது லாபமா?

இல்லை. வீட்டுக்கு மாடுலர் கிச்சன் போட்ட செலவை வீடு வாங்குகிறவர் அப்படியே தருவதில்லை அல்லவா, அதே கதைதான். பெயின்ட், குரோம், கூலி என்று போன பணத்தில் பெரும்பகுதி திரும்பி வராது. அது விற்பவரின் ஆசைக்கு அவர் கொடுத்த விலை. அவர் 43,000 டாலர் 'விட்டுக்கொடுக்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. சந்தை அவ்வளவுதான் தருகிறது.

அப்புறம், இது ரெஸ்டோமாட். பழைய உடம்பு, புது உறுப்பு. ஓட்டுவதற்கு இதுதான் சுகம், சந்தேகமே இல்லை. 6.2 லிட்டர் எல்எஸ்3 இன் 430 குதிரைத்திறன், காற்று வடிகட்டி முதல் புகைக்குழாய்வரை எல்லாம் மாட்டி அளந்த 'நெட்' கணக்கு. 1972க்கு முன்னால் கம்பெனிகள் விளம்பரத்தில் போட்டது எஞ்சினை மட்டும் ஸ்டாண்டில் வைத்து அளந்த 'கிராஸ்' கணக்கு. அதனால் காகிதத்தில் எல்எஸ்6 இன் 450 பெரிதாகத் தெரிந்தாலும் சாலையில் புதியதுதான் முந்தும். ஆனால் அசல் எஸ்எஸ்ஸைத் தேடும் சேகரிப்பாளர் இதை வாங்கமாட்டார். ரெஸ்டோமாட் பிரியர் வாங்குவார், அவர் பார்ப்பது வேலையின் தரம், யார் செய்தது, வயரிங் எப்படி, எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ட்யூனிங் யார் போட்டது என்பதை. எஸ்எஸ் என்ற பெயருக்காக அவர் கொடுக்கும் கூடுதல் தொகை மிகக் குறைவு. ஆக, 'அசல் எஸ்எஸ்' என்பதற்காக விலையில் எவ்வளவு கூட்டியிருக்கிறார் என்று கேளுங்கள். அந்தத் தொகையை ஆவணம் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

விலை ஏறும் என்ற நம்பிக்கையை ஒதுக்கி வையுங்கள். ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். ஏறி விற்றால் லாபத்துக்கு வருமான வரி உண்டு. இறங்கி விற்றால், சொந்த உபயோக வண்டி என்பதால் நட்டத்தை வரியில் கழிக்க முடியாது. 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துத் தரலாமா என்று ஓரத்தில் கிறுக்கியிருக்கிறீர்கள். உங்கள் வயதில் அதை வெளியே எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீதம் அபராதமும் சேரும்; 72,000 டாலர் கையில் வர அதைவிட நன்றாகவே அதிகம் எடுக்க வேண்டும். அதன் பேரில் கடன் எடுக்கலாம், பெரும்பாலும் 50,000 டாலரைத் தாண்டாது. என் கருத்து: எடுக்காதீர்கள். டெக்சாஸில் பதிவு செய்யும்போது 6.25 சதவீத வரி, அதாவது 4,500 டாலர் இன்னும் இருக்கிறது. அதுவும் உங்கள் கணக்கில் இல்லை.

மூன்று நாள் உரிமை, லெமன் சட்டம், ஆஸ் இஸ்

மூன்று நாளில் திருப்பித் தரும் உரிமை உங்களுக்குக் கிடையாது. அமெரிக்க மத்திய அரசின் 'கூலிங்-ஆஃப்' விதி, வீட்டு வாசலுக்கு வந்து விற்பவர்களைப் போன்றவர்களுக்காக வந்தது. தனிநபரிடம் பேசி வாங்கும் காருக்குப் பொருந்தாது. டீலரின் ஷோரூமில் வாங்கினாலும் பொருந்தாது. லெமன் சட்டம் (திரும்பத் திரும்பப் பழுதாகும் வண்டிக்குப் பரிகாரம் தருவது) புது வண்டிகளுக்கானது. 1970 ஷெவெலுக்கு அதில் வேலையே இல்லை.

அப்படியென்றால் 'ஆஸ் இஸ்' என்று கையெழுத்துப் போட்டால் எல்லாம் போச்சா? அதுவும் இல்லை. நீங்கள் ஒரு பக்கம் அதிகமாக நம்புகிறீர்கள், மறுபக்கம் அதிகமாகப் பயப்படுகிறீர்கள்.

டெக்சாஸ், ஓஹையோ இரண்டுமே பொருள் விற்பனைக்கான ஒரே மாதிரிச் சட்டத்தை, யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு என்பதை, ஏற்றுக்கொண்டவை. அதன்படி விற்பவர் ஒரு உண்மையைத் திட்டமாகச் சொல்லி, அது பேரத்துக்கு அடிப்படையாக இருந்தால் அது வெளிப்படையான உத்தரவாதம். 'வாரண்டி' என்ற சொல்லையே அவர் பயன்படுத்தியிருக்க வேண்டியதில்லை. அவர் வியாபாரியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 'ஃப்ரேமிலிருந்து உடலைத் தூக்கி வேலை செய்தது', 'ஆலையிலேயே எஸ்எஸ்' என்பவை இந்த வகை. 'அசத்தலான வண்டி', 'தெருவே திரும்பிப் பார்க்கும்' என்பவை வெறும் பெருமைப் பேச்சு, அதை வைத்து வழக்குப் போட முடியாது. 'ஆஸ் இஸ்' என்ற சொல் முதன்மையாக அடித்துப்போடுவது சட்டம் தானாகக் கருதிக்கொள்ளும் உத்தரவாதங்களை. தனிநபர் விற்பனையில் அவை ஏற்கெனவே ஏறக்குறைய இல்லை. வாயால் சொன்ன திட்டமான உண்மையை அது அவ்வளவு சுலபமாக அழிக்காது. தெரிந்தே பொய் சொன்னார் என்றால் அது மோசடி, அதற்கான வழி தனி.

எனக்குப் பயமாக இருப்பது அவர் அனுப்பிய பத்திரத்தின் கடைசி இரண்டு வரிகள். 'இந்தப் பத்திரத்தில் உள்ளது மட்டுமே முழு ஒப்பந்தம்' என்பது ஒன்று. 'வாங்குபவர் தன் சொந்தப் பரிசோதனையை மட்டுமே நம்பி வாங்குகிறார்' என்பது இன்னொன்று. 'ஆஸ் இஸ்' மேல் உங்கள் கண் போயிருக்கிறது, இவற்றைக் கவனிக்கவே இல்லை. விளம்பரத்தில் இருந்த எஸ்எஸ்ஸும் துரு இல்லை என்ற பேச்சும் இந்த இரண்டு வரியில் காணாமல் போய்விடலாம். ஆகவே நீங்கள் எதை நம்பி வாங்குகிறீர்களோ அதைப் பத்திரத்துக்குள்ளேயே கொண்டுவாருங்கள். வண்டி எண், ஆலையில் எஸ்எஸ் ஆக வந்ததா இல்லையா, ஸ்டாண்டில் உள்ள எஞ்சின் இந்த வண்டியோடு வந்ததா, உடலில் எந்தெந்தத் தகடு மாற்றப்பட்டது, விபத்து உண்டா, கடன் உண்டா: ஒவ்வொன்றுக்கும் 'விற்பவர் உறுதி கூறுகிறார்' என்று ஒரு வரி. கடைசி இரண்டு வரியையும் நீக்கச் சொல்லுங்கள். ஆலை எஸ்எஸ் என்று எழுத அவர் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில். விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், விற்றதும் விளம்பரம் போய்விடும்.

உரிமை இருப்பது வேறு, அதை வாங்குவது வேறு. 2008இல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தீர்ப்பானது. சான் ஃபிரான்சிஸ்கோக்காரர் ஒருவர் விஸ்கான்சினில் இருந்தவரிடம் ஈபே வழியாக 1964 ஃபோர்டு கேலக்ஸி ஒன்றை 34,106 டாலருக்கு வாங்கினார். விசேஷமான 'ஆர் கோடு' வண்டி, ரெஸ்டோர் செய்யாதது, ஓட்டத் தயார் என்று விளம்பரம். வந்து இறங்கியது ஆர் கோடு இல்லை, எஞ்சின் சுற்றவில்லை, துருவும் இருந்தது என்று வழக்குப் போட்டார். நீதிமன்றம் அந்தப் புகார் உண்மையா என்ற இடத்துக்கே போகவில்லை. ஒரே ஒரு விற்பனைக்காக விஸ்கான்சின்காரரைக் கலிபோர்னியா நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்று தள்ளிவிட்டது. உங்களுக்கும் இதே நிலை வரலாம்: டாலஸில் இருந்துகொண்டு ஓஹையோவில் வக்கீல் வைத்து நடத்த வேண்டும். பத்திரத்தில் 'தகராறு டெக்சாஸ் நீதிமன்றத்தில்' என்று ஒரு வரி கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளமாட்டார், கேட்பதில் நட்டமில்லை. குறை தெரிந்ததும் தாமதிக்காமல் எழுத்தில் அறிவிக்க வேண்டும். உத்தரவாத வழக்குக்குப் பொதுவாக நான்கு வருடம், அது வண்டி ஒப்படைத்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று. அவர் பெயரில் வேறு இரண்டு பழைய வண்டிகளும் விற்பனைக்கு இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 12 மாதத்தில் ஐந்துக்கு மேல் விற்கிறவரை அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் பழைய கார் விதி டீலராகத்தான் பார்க்கும். அவர் வண்டி ஜன்னலில் 'பையர்ஸ் கைடு' என்ற உத்தரவாத விவரச் சீட்டை ஒட்டியாக வேண்டும். தனிநபர் வேஷத்தில் வியாபாரம் செய்கிறாரா என்று பாருங்கள். அடுத்த விஷயம் இந்தச் சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்கிறது.

டைட்டில் விவகாரம்

விற்பவர் 'டைட்டில் என் பெயருக்கு மாற்றவில்லை, அதனால் என்ன, உங்கள் பெயரை நேராக எழுதிக்கொள்ளலாம்' என்கிறார். வேண்டாம். இதை 'டைட்டில் ஜம்பிங்' என்பார்கள், சட்டவிரோதம். வரி மிச்சம் என்பது அவருக்குத்தான். உங்களுக்கு வந்து சேர்வது, நீங்கள் பார்த்தே இராத ஒருவர் உங்களுக்கு விற்றதாகச் சொல்லும் காகிதம். ஓஹையோவில் டைட்டில் பின்பக்கம் போடும் கையெழுத்து நோட்டரி முன்னால் நடக்க வேண்டும். வாங்குபவர் பெயர் காலியாக இருக்கும் டைட்டில் எப்படி நோட்டரி ஆனது என்பதும் ஒரு கேள்வி. அவர் முதலில் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வரட்டும். அங்கே அதைக் கவுன்டியின் கிளார்க் ஆஃப் கோர்ட்ஸ் அலுவலகம் செய்து தருகிறது. வண்டி மேல் கடன் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். ரெஸ்டொரேஷன் செய்த கடைக்குக் கூலி பாக்கி இல்லை என்று கடையிடமிருந்தே ஒரு கடிதம் வாங்குங்கள். 1,15,000 டாலர் பில் போட்ட கடை ஒரு வரி எழுதித் தராதா என்ன.

டைட்டிலில் உள்ள எண்ணும் டேஷ்போர்டின் இடதுபக்கக் கண்ணாடி வழியே தெரியும் தகட்டின் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அந்தத் தகட்டை ஆலை பூ வடிவ ரிவெட்டால் அடித்திருக்கும். வேறு ரிவெட், கீறல், பசை தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். ஃப்ரேமிலும் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டுப் பக்கமும் எண்ணின் பகுதி ஒளிந்திருக்கும்; ஃப்ரேம்-ஆஃப் வேலை செய்தவரிடம் அதன் போட்டோ கட்டாயம் இருக்கும். எண் மாறிய வண்டியைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனால் உங்கள் 72,000 டாலருக்கு யாரும் பொறுப்பில்லை. கார்ஃபேக்ஸ் (வண்டியின் வரலாற்று அறிக்கை) பார்த்தேன், சுத்தமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். 17 இலக்க எண் 1981 மாடலில்தான் வந்தது, அதற்கு முந்தைய வண்டிக்கு அந்த அறிக்கையில் ஒன்றும் இருக்காது. காலியாக இருந்ததைச் சுத்தம் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். மைல் கணக்கும் அப்படியே. இவ்வளவு பழைய வண்டிக்கு ஓடோமீட்டர் அறிக்கை தரவேண்டிய கட்டாயம் விற்பவருக்கு இல்லை.

இன்சூரன்ஸ், மகன்

இப்போதுள்ள கார் பாலிசியில் சேர்த்துவிடலாம் என்பது ஆபத்தான யோசனை. சாதாரண பாலிசி விபத்து நாளில் வண்டியின் சந்தை மதிப்பு என்று கம்பெனி கணக்கிடுவதைத் தரும். அரை நூற்றாண்டு தாண்டிய வண்டிக்கு அது வாக்குவாதத்தில்தான் முடியும். உங்களுக்கு வேண்டியது 'அக்ரீட் வேல்யூ', அதாவது தொகையை முன்னாலேயே இருவரும் ஒப்புக்கொண்ட பாலிசி. 'ஸ்டேட்டட் வேல்யூ' என்று காதுக்கு அதே மாதிரி ஒலிக்கும் ஒன்று உண்டு, அதில் அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே. ஹேகர்ட்டி போன்ற பழைய வண்டிக் காப்பீட்டுக்காரர்கள் அக்ரீட் வேல்யூ தருகிறார்கள். தினசரி ஆபீஸ் போக இல்லாமல், பூட்டிய கராஜில் வைத்து, எப்போதாவது ஓட்டுவது என்பது இவ்வகைப் பாலிசிகளின் வழக்கமான நிபந்தனை. புதிதாக லைசென்ஸ் வாங்கிய 16 வயதுப் பையனை இவ்வகைப் பாலிசி பெரும்பாலும் ஏற்காது. அவன் ஓட்டி ஏதாவது ஆனால் வண்டியோடு போகாது, வழக்காக உங்கள் மேலும் வரலாம். ஏர்பேக் கிடையாது, 430 குதிரைத்திறன். பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும், சாவி இன்னும் சில வருடம் உங்களிடமே இருக்கட்டும். உங்கள் மனைவியின் எதிர்ப்பில் பாதி இதுதான் என்று எனக்குப் படுகிறது. கேட்டுப் பாருங்கள்.

டெக்சாஸ் பதிவில் பெரிய சிக்கல் இல்லை. 25 வயது தாண்டியதால் புகைப் பரிசோதனை வேண்டாம். 'ஆன்டிக்' நம்பர் பிளேட் எடுத்தால் கண்காட்சி, கிளப், ஊர்வலம் என்ற அளவில்தான் ஓட்டலாம். வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு எடுத்துப்போக ஆசை என்றால் 'கிளாசிக்' பிளேட் எடுங்கள்.

கோவைக்குக் கொண்டுபோவது

இதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். இந்தியாவில் 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிப் பதிவுக்குத் தனி ஏற்பாடு வந்தது. 50 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். 1970 வண்டி தாண்டிவிட்டது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். இதெல்லாம் நீங்கள் படித்ததுதான். படிக்காமல் விட்டது இது: வண்டி அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேஸி, பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. எல்எஸ்3 போட்ட நாளிலேயே இந்தக் கதவு மூடிவிட்டது. பழைய எஞ்சினைத் திரும்ப மாட்டினால் போதுமா என்றால், பிரேக், கியர்பாக்ஸ், அதற்காக வெட்டிய இடங்கள் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு இன்னொரு வண்டியே வாங்கலாம். அப்படியே பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிக்க என்று மட்டும்தான் சாலையில் இறக்கலாம். அவினாசி ரோட்டில் தினமும் சுற்ற முடியாது. சுங்க வரி பற்றி நான் பேசவே இல்லை. கோவையில் பழைய கார் பார்க்க ஆசையாக இருந்தால் ஜிடி கார் மியூசியத்துக்கு டிக்கெட் எடுப்பது மலிவு.

இந்த வார இறுதியில் என்ன செய்வது?

ஸெல் (Zelle) என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவையில் 5,000 டாலர் அனுப்பாதீர்கள். அனுப்பினால் திரும்ப வராது என்று அவர் பத்திரமே சொல்கிறது. 'முன்பணம் தருகிறேன், என் மதிப்பீட்டாளர் பார்த்துத் திருப்தியானால் மட்டும் வாங்குவேன், டைட்டில் உங்கள் பெயரில் வரவேண்டும், இல்லாவிட்டால் முழுத்தொகையும் திரும்ப வேண்டும்' என்று எழுதிக் கேளுங்கள். பணம் எஸ்க்ரோவில், அதாவது நிபந்தனை நிறைவேறும்வரை ஒரு மூன்றாமவர் கையில், இருக்கட்டும். அந்த எஸ்க்ரோ தளத்தின் முகவரியை அவர் அனுப்பிய இணைப்பில் திறக்காமல் நீங்களே தேடிப் போங்கள், போலித் தளம் நிறைய உண்டு. மீதித் தொகையை அவருடைய வங்கிக் கிளையிலேயே நேரில் கொடுத்து டைட்டிலை வாங்குவது நல்லது.

பரிசோதனைக்கு நீங்களும் போங்கள். ஷெவெல் தனி ஃப்ரேம் மேல் உட்காரும் வண்டி, ஆகவே 'ஃப்ரேம்-ஆஃப்' என்றால் உடலைத் தூக்கிய படங்கள் இருக்கத்தான் வேண்டும். வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். டிக்கித் தரை, பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தகடு, பின்கண்ணாடியின் ஓரம், ஃப்ரேமோடு சேரும் இடங்கள்: துரு ஒளிவது இங்கேதான். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்தால் பட்டி எங்கே அப்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யட்டும். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

இந்த நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொண்டால், இரண்டு மாற்றத்தோடு வாங்கலாம் என்பது என் கருத்து: ஆலை எஸ்எஸ் என்பதற்கு ஆவணம் இல்லாவிட்டால் நல்ல ரெஸ்டோமாட் மாலிபு விலைக்குப் பேசுங்கள், 401கே பக்கம் போகாதீர்கள். பத்திரத்தை ஓஹையோவில் உள்ள ஒரு வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், நான் இங்கே சொன்னது பொதுவான வழிகாட்டல்தான். ஒத்துக்கொள்ளாமல் 'வேறொருவர் ரெடி' என்றே திரும்பத் திரும்பச் சொன்னால் அந்த வேறொருவருக்கே கொடுக்கட்டும். 1970 ஷெவெல் அபூர்வமான வண்டி இல்லை. இந்த வருடமே இன்னொன்று விற்பனைக்கு வரும், அநேகமாக டெக்சாஸிலேயே.